ஏழு பேர் அளந்த செடி

அப்பா குறட்டை விட ஆரம்பித்துவிட்டார், அதனால் சொல்கிறேன். நீங்கள் யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான். சொன்னால் எங்கள் வீடு போய்விடும். வீடு என்றால் எங்களுடையது இல்லை, நிலையம் கொடுத்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் துவைக்கிற கல். அப்பா நிலையத்தில் வேலை பார்க்கிறவரை எங்களுக்கு. அந்த வேலையும் நிரந்தரம் இல்லை. நான் பிறந்தபோது நிரந்தரம் ஆகிவிடும் என்றார்களாம். எனக்குப் பால்பல் விழுந்து முளைத்தபோதும் அதையே சொன்னார்கள்.

நிலையத்தின் பெயர் வாசல் பலகையில் மூன்று வரிக்குப் போகும். படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் எல்லோரும் குட்டை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். மசூர் பருப்புச் செடியைக் குட்டையாக்குவது அங்கே வேலை. மசூர் பருப்பு உங்களுக்குத் தெரியும், சீக்கிரம் வெந்து குழைந்துபோகிற அந்த ஆரஞ்சு நிறப் பருப்பு. அதன் செடி ஏற்கெனவே முழங்கால் உயரம்தான். பிறகு எதற்கு இன்னும் குட்டையாக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். கேட்டவர்கள் எல்லோரும் இப்போது வேறு இடத்தில் வேலை பார்க்கிறார்கள்.

சாலைக்கு அந்தப் பக்கம் கோதுமை ஆபீஸ் இருக்கிறது. அவர்கள் ஒரு காலத்தில் நெட்டைக் கோதுமையைக் குட்டையாக்கினார்கள். கதிர் கனத்தும் தாள் சாயவில்லை, விளைச்சல் பெருகியது, அவர்களுக்கு லிஃப்ட் வைத்த கட்டடம் கிடைத்தது. எங்கள் இயக்குநர் தினமும் காலையில் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் இடத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதன் வழியாக அந்த லிஃப்ட் தெரியும். எதையாவது குட்டையாக்கினால் லிஃப்ட் கிடைக்கும் என்ற முடிவுக்கு அவர் அங்கே நின்றுதான் வந்தார். விஞ்ஞானத்தில் இதற்குக் கருதுகோள் என்று பெயர்.

ஆண்டு விழாவில் அவர் பேசியதை நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். (பின்வரிசையில் உட்கார்ந்தால் எனக்கு மேடை தெரியாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

"கோதுமை மார்பு உயரத்துல இருந்து இடுப்புக்கு வந்தது" என்றார் இயக்குநர். "நம்ம பருப்பு முழங்கால்ல இருந்து கணுக்காலுக்கு வரணும். அப்புறம் தரைக்கு. தரைக்கு வந்ததுக்கு அப்புறமும் நாம நிறுத்தப் போறதில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா மட்டும் கையைத் தூக்கினார். அவர் பருப்பு பயிரிடுகிறவர், சொந்தமாக அறுவடை மெஷின் வைத்திருக்கிறார், அதனால் மெஷின் அக்கா.

"சார், இப்பவே மெஷின் கத்தி தரையில இடிச்சுக் கல்லை அள்ளிக்கிட்டு வருது. பாதிக் காய் கத்திக்குக் கீழயே நின்னுபோவுது. கணுக்கால் உயரம்னா எப்படிங்க அறுக்கறது?"

"நல்ல கேள்வி" என்றார் இயக்குநர். "மெஷினையும் குட்டையாக்கணும். ஆனா அது வேற துறை."

குட்டைக் குணத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்ற சிக்கலுக்குக் காட்டு உறவுகள் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதன் அதிகாரியைச் சம்பந்தி என்பார்கள். யாரும் போய் நிற்காத கல்லுச் சரிவுகளில் ஏறி, மசூரின் காட்டுச் சொந்தக்காரர்களைத் தேடிப் பிடித்துத் தொட்டியில் வைத்துக் கொண்டுவந்தவர் அவர். தரையோடு படுத்துக்கிடக்கும், நூல் மாதிரித் தண்டு, மிளகில் பாதிகூட இல்லாத விதை. அந்தத் தொட்டிகளை அவர் உறவுமுறை வாரியாக அடுக்கியிருந்தார். நம் செடிக்கு ரொம்ப நெருக்கமானது பெரியப்பா. அடுத்த வரிசையில் ஒன்றுவிட்டவர்கள். கடைசி வரிசையில் இருந்தவர்களோடு எத்தனை முறை மகரந்தம் மாற்றிப் பார்த்தும் விதை பிடிக்கவில்லை, அதனால் அவர்கள் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்.

"பெரியப்பா நல்ல மனுஷன்தான், ஆனா ரோஷம் ஜாஸ்தி" என்று சம்பந்தி எனக்கு ஒருமுறை காட்டினார். முற்றிய காய் ஒன்றை லேசாகத் தொட்டார். அது டப்பென்று வெடித்து விதை சுவரில் போய்ப் பட்டது. "பாத்தியா? காட்டுல யார் வந்து அறுத்துக் குடுப்பாங்க? தன் பிள்ளைகளைத் தானே வெளிய அனுப்பிக்கும். அந்தக் குணம் நமக்கு வேண்டாம். அவரோட குட்டை மட்டும் நம்ம வீட்டுக்கு வரணும்."

பெரியப்பாவுக்கும் நம் நெட்டைச் செடிக்கும் கலப்பு நடந்தது. அதன் பிறகு என்ன ஆக வேண்டும் என்பது எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. குட்டைக் குணம் பதுங்குகிற குணம். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டும் குட்டையாக வந்தால்தான் செடி குட்டையாகும். ஒன்று நெட்டையாக வந்துவிட்டால் போதும், குட்டை உள்ளே இருந்தும் இல்லாத மாதிரி இருந்துவிடும். அதனால் பிள்ளைகள் எல்லாம் நெட்டை. பேரப்பிள்ளைகளில் மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை.

டீச்சர் இதை நடத்தியபோது, "நெட்டையான அப்பா அம்மாவுக்கும் குட்டையாப் பிள்ளை பிறக்கலாம்" என்று சொல்லி முடித்தார். வகுப்பு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. எங்கள் வீட்டில் அப்பா நிலைப்படியில் குனிந்துதான் வருவார். அம்மா ஸ்டூல் போடாமல் பரணிலிருந்து அண்டா எடுப்பாள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் அரைப்படி என்று பெயர். அத்தை எப்போது வந்தாலும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவ யாரு மாதிரியோ" என்பாள். கீழே பார்க்க அவளுக்கு அதிக நேரம் ஆகாது.

சரி, செடிக்கு வருகிறேன். நிலையத்தில் பிள்ளைகள் எல்லாம் குட்டையாகப் பிறந்தன. பேரப்பிள்ளைகளும் குட்டை. நாலில் ஒன்று இல்லை, ஒன்று விடாமல். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்தில் வைத்த கலப்பில்லாத நெட்டைச் செடிகள்கூடக் குட்டையாகிவிட்டன. சகவாச தோஷம் என்று சம்பந்தி குறிப்பு எழுதினார்.

வேறு ஆபீஸாக இருந்தால் எங்கேயோ தப்பு நடக்கிறது என்று கதவை மூடிக்கொண்டு யோசித்திருப்பார்கள். எங்கள் இயக்குநர் கூட்டம் போட்டார்.

"மூணுக்கு ஒண்ணுங்கறது பட்டாணிக்காரங்க கணக்கு. பட்டாணி கொடி, அது இஷ்டத்துக்குப் போகும். நம்மது கட்டுப்பாடான செடி" என்றார். அன்றைக்கே அவர் ஒரு விதியையும் வெளியிட்டார். நிறுவனத்தில் வளரும் செடி நிறுவனத்தின் நோக்கத்துக்கு ஏற்ப வளரும் என்பது விதி. அதை எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் படிக்கட்டில் மாட்டினார்கள்.

அப்பாவின் வேலையைப் பற்றிச் சொல்லவில்லையே. அப்பா நாலாவது அளவர். ஒவ்வொரு செடியையும் தினமும் ஏழு பேர் அளப்பார்கள். முதலாமவர் அளப்பார். இரண்டாமவர் அது சரியா என்று அளப்பார். மூன்றாமவர் இரண்டாமவர் உண்மையிலேயே அளந்தாரா என்று அளப்பார். நாலாவது ஆளான அப்பா, முதல் மூன்று பேர் ஒருவரை ஒருவர் காப்பி அடிக்கவில்லை என்பதற்காக அளப்பார். மீதி மூன்று பேர் எதற்கு என்று அப்பாவுக்கே தெரியாது. மசூர்ச் செடி நேராக நிற்காது, வளைந்து படரும். அதனால் அடியிலிருந்து நுனிவரை இரண்டு விரலால் உருவி, நிமிர்த்தி, ஸ்கேலை ஒட்டிப் பிடித்து, உயரத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டு விட வேண்டும். ஒருவர் நிமிர்த்தியதை அடுத்தவர் ஏற்றுக்கொள்ளக் கூடாது, தன் விரலால் தானே உருவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலும் முறை வைத்து வருவார்கள்.

இப்படிப் பழகிப் பழகி வீட்டிலும் அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. நான் நிற்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து, வேலை முடிந்து வந்ததும் என்னை வாசல் நிலையில் சாய்த்து நிறுத்தி, தாடைக்குக் கீழே இரண்டு விரல் வைத்து நிமிர்த்தி, தலையில் ஸ்கேலை வைத்து, உயரத்தைச் சத்தமாகச் சொல்வார். சமையலறையிலிருந்து அம்மா, "நேத்தும் அதேதானே?" என்பாள்.

இனிமேல்தான் விஷயம்.

அம்மா அப்பாவின் சட்டையைத் துவைக்கும்போது பையை உதறுவாள். அதில் எப்போதும் ஏதாவது விதை ஒட்டியிருக்கும். அப்படி விழுந்த இரண்டு விதை துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முளைத்தன. நிலையத்துக் கண்ணாடி வீட்டில் இருக்கிற அதே குட்டைச் செடிகளின் விதை. ஒன்று கொடிக்கயிற்றுக்குக் கீழே. மற்றது குழாய்க்குப் பின்னால், யார் கையும் போகாத சந்தில். இரண்டுக்கும் ஒரே மண், ஒரே சோப்புத் தண்ணீர். கயிற்றுக்குக் கீழே இருந்ததை அம்மா காயப்போடுகிற துணி நாள் முழுக்க உரசிக்கொண்டே இருந்தது. அது விரல் நீளத்தில் நின்றுவிட்டது. குழாய்க்குப் பின்னால் இருந்தது குழாயைத் தாண்டி எட்டிப் பார்த்தது.

நான் முதலில் அது வேறு ஏதோ களை என்று நினைத்தேன். அப்பா கை கழுவ வந்தவர் அந்த இலையைப் பார்த்ததும் ஈரக்கையோடு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"இது எங்கிருந்துடி வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"உங்க சட்டைப் பையிலருந்துதான். அதுவும் இதுவும் ஒண்ணாத்தான் முளைச்சுது."

"எங்க செடி இவ்வளவு உசரம் வராதே."

"துணி படாத இடத்துல வந்திருக்குப்பா."

அப்பா குட்டையைப் பார்த்தார், கயிற்றில் ஆடிக்கொண்டிருந்த துணியைப் பார்த்தார், நெட்டையைப் பார்த்தார். கடைசியில் தன் இரண்டு விரலைப் பார்த்தார். நான் சொல்ல வாயைத் திறந்தேன்.

"சொல்லாதே" என்றார். "நீ சொல்லப் போறது எனக்குத் தெரியுது. அதைச் சொல்லிட்டா ஏழு பேருக்கு வேலை இல்லை."

பெரியப்பாவின் குட்டைக் குணம் உள்ளே எங்கோ பதுங்கியிருக்கலாம், இல்லாமலும் போகலாம். கண்ணாடி வீட்டில் தெரிந்த குட்டை அவர் கொடுத்தது இல்லை. தினமும் ஏழு பேர் உருவினால் எந்தச் செடியும் உஷாராகி உடம்பைக் குறுக்கிக்கொள்ளும். நாங்கள் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. அம்மா மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி துணிகளைக் குழாய்ப் பக்கம் போகாமல் தள்ளிக் காயப்போட ஆரம்பித்தாள்.

அமைச்சர் வரப்போகிறார் என்ற செய்தி அப்போதுதான் வந்தது. உலகத்திலேயே குட்டையான மசூரை அவர் விவசாயிகளுக்கு வழங்குவதாக ஏற்பாடு. துணை இயக்குநர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். சாப்பாட்டுத் தூக்கோடு நானும் அந்த அறை வாசலில் நின்றிருந்தேன்.

"அமைச்சர் பாக்கற செடியைக் கண்டவங்க தொட்டுக்கிட்டு இருந்தா மரியாதையா இருக்குமா?" என்றார் துணை இயக்குநர். "கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லியாச்சு. செடிக்கு மேல நாலு விரல் இடம் விட்டு மூடி. பூட்டி சீல் வெச்சுடுவோம். விழா முடியற வரைக்கும் ஒருத்தர் கை படக் கூடாது. நீங்கதான் உயரப் பாதுகாவலர்."

"சார், அளக்க வேண்டாமா?" என்றார் அப்பா. குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"வேண்டாம். இனிமே உயரம் மாறப் போறதில்லையே. செடி இதே உயரத்துல இருந்தா விழா மேடையிலேயே உங்க வேலை நிரந்தரம். மாறிச்சுன்னா..." துணை இயக்குநர் பேனா மூடியைத் திறந்து நீட்டினார். "வீட்டுச் சாவியைக் குடுத்துட்டுப் போகலாம். இங்க ஒரு கையெழுத்து."

அப்பா கையெழுத்துப் போட்டார். வேறு என்ன செய்ய முடியும்? வீட்டுக்கு வந்ததும் என்னை அளந்தார். ஒருமுறைக்கு இரண்டு முறை அளந்தார்.

அமைச்சரின் வருகை தள்ளிப்போனது. பிறகு இன்னொரு முறை தள்ளிப்போனது. அவர் எங்கேயோ ஒரு பாலத்தைத் திறக்கப் போய், அது திறப்பதற்கு முன்பே மூடும் நிலைமைக்கு வந்துவிட்டதாம். சீல் வைத்த பெட்டிக்குள் செடிகள் யார் தொந்தரவும் இல்லாமல் இருந்தன. பிறந்ததிலிருந்து அவற்றுக்குக் கிடைத்த முதல் விடுமுறை. அவை அதை வீணாக்கவில்லை.

அப்பா தினமும் போய்ப் பெட்டிக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்து, "மூணு விரல்தான் இடம் இருக்கு" என்பார். அடுத்து "ரெண்டு விரல்." அம்மா அலமாரிக்கு மேலிருந்த பழைய அட்டைப் பெட்டிகளை எடுத்துத் தூசி தட்டி வைத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நுனி மூடியைத் தொட்ட அன்றைக்கு அதிகாரிகள் எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். நான் தூக்கோடு தூணுக்குப் பின்னால்.

"செடி வளரல" என்றார் துணை இயக்குநர், நிறைய நேரம் யோசித்து. "பெட்டி சுருங்கியிருக்கு."

பெட்டி செய்த தச்சரைக் கூட்டிவந்தார்கள். அவர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார்.

"கண்ணாடி சுருங்காதுங்க. பில்லை இன்னும் பாஸ் பண்ணாததால நான்தான் சுருங்கிக்கிட்டு இருக்கேன்."

அவரை அனுப்பிவிட்டார்கள். அடுத்துச் சம்பந்தி குனிந்து பார்த்தார். "பெரியப்பா வீட்டு ஆளுங்க. பூட்டி வெச்சா கோவிச்சுக்கிட்டு எழுந்துதான் நிப்பாங்க" என்றார்.

இயக்குநர் கடைசியாக வாய் திறந்தார். "ஒண்ணு மட்டும் எல்லாரும் மனசுல வெச்சுக்குங்க. இந்த நிலையத்துல செடி வளர்ந்துச்சுன்னு யாரும் சொல்லக் கூடாது. அப்படிச் சொல்றது அந்தச் செடியைப் பெத்த விஞ்ஞானிகளை அவமானப்படுத்தற மாதிரி. செடி கிட்டத்துல தெரியுது. அவ்வளவுதான்."

அதிலிருந்து எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். செடிகளோ மூடியில் முட்டி, பெட்டிக்குள்ளேயே மடங்கி மடங்கி வளர்ந்துகொண்டிருந்தன. "இன்னிக்கு ரொம்பக் கிட்டத்துல தெரியுதே" என்று ஒருவர் கவலைப்படுவார். "நேத்தைவிடக் கிட்டத்துல வந்துடுச்சு" என்று இன்னொருவர் பெருமூச்சு விடுவார். நான் அப்பாவிடம் கெஞ்சினேன்.

"அப்பா, சீலை உடைச்சு உள்ளே கையை விட்டு உருவி விடுங்க. கொஞ்சமாவது நிக்கும்."

"தொட மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"உயரம் மாறாதுன்னும்தானே போட்டிருக்கீங்க."

"ரெண்டையும் ஒண்ணா காப்பாத்த முடியாதுன்னு அந்தக் காகிதத்துக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் அப்பா.

கடைசியில் சீலை உடைத்தது இயக்குநரேதான். விழாவுக்கு முந்தைய நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. செடியைக் கீழே கொண்டுவர முடியாவிட்டால் மண்ணை மேலே கொண்டுபோகலாம். மூடியை எடுத்துவிட்டு, பெட்டிக்குள் வண்டி வண்டியாக மண்ணைக் கொட்டி, நுனியில் இருந்த நாலு இலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி செடிகளைக் கழுத்துவரை புதைத்தார்கள். பார்ப்பதற்கு உண்மையிலேயே அழகாக இருந்தது. இவ்வளவு குட்டையான செடியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

விழாவன்று பெட்டிக்கு இரண்டு பக்கமும் நிலையத்திலேயே நெட்டையானவர்களாகப் பார்த்து நிறுத்தினார்கள். பக்கத்தில் நெட்டை நின்றால் செடி இன்னும் குட்டையாகத் தெரியுமாம். அதில் அப்பாவும் ஒருவர், எப்படியும் அவர் பாதுகாவலர். நான் அவரிடம் கைக்குட்டை கொடுக்கப் போனபோது துணை இயக்குநர் பதறிப்போனார்.

"இந்தப் பொண்ணைப் பெட்டிப் பக்கம் விடாதீங்கப்பா. இது நின்னா செடி மரமாட்டம் தெரியும்."

அதனால் என்னை மேடை ஓரத்தில், சம்பந்தியின் காட்டுத் தொட்டிகள் வைத்த மேசைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். பெரியப்பாவில் காய்கள் நன்றாக முற்றியிருந்தன. சம்பந்தி என்னிடம், "மூச்சைக்கூடப் பாத்து விடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் சட்டைப் பையில் வீட்டுச் சாவி இருந்தது. கிளம்பும்போது அவர் அதை எடுத்து வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இயக்குநர் பேசினார். "ஒரு செடி எவ்வளவு உயரம் வளரணும்கறதை இத்தனை காலமா செடியோட முடிவுக்கே விட்டுட்டோம். அதுதான் விவசாயம் முன்னேறாம போனதுக்குக் காரணம். இன்னிக்கு முதல்முறையா அந்த முடிவை ஒரு குழு எடுத்திருக்கு."

அமைச்சர் குனிந்து நாலு இலையைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், அருமை என்றார். முதல் செடியைப் பெற்றுக்கொள்ள ஒரு விவசாயி வேண்டும். நிலையத்துக்குத் தெரிந்த ஒரே விவசாயி மெஷின் அக்காதான். அக்கா மேடைக்கு வந்தார். சுற்றிக் கட்டிய ரிப்பனோடு பெட்டியின் ஓரத்தில் ஒரு சிறு தொட்டி தயாராக இருந்தது, அதைத்தான் எடுத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. அக்காவுக்கு அது யாரும் சொல்லவில்லை. வயலில் செய்கிற மாதிரி கையை நேராகப் பெட்டிக்குள் விட்டு, ஒரு செடியை மண்ணை ஒட்டிப் பிடித்து இழுத்தார்.

செடி வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"என்னங்க இது" என்றார் அக்கா, கையை மாற்றிப் பிடித்து. "இன்னும் வருதே."

அவர் இடுப்பு வரை வந்த பிறகுதான் வேர் வெளியே வந்தது. ஒலிபெருக்கியில் இயக்குநரின் மூச்சு மட்டும் கேட்டது, படியேறி முடித்த மாதிரி.

"இது கிட்டத்துல தெரியுது, அதனால..." என்று ஆரம்பித்தார் துணை இயக்குநர்.

"என் கையில இருக்கறதை வேற எங்க தெரியச் சொல்றீங்க?" என்றார் அக்கா.

அமைச்சர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் துணை இயக்குநரைப் பார்த்தார். துணை இயக்குநர் கையை நீட்டி அப்பாவைக் காட்டினார். "இவர்தாங்க உயரப் பாதுகாவலர். கையெழுத்துப் போட்டிருக்கார்."

அப்பா கையைச் சட்டைப் பைக்குள் விட்டார்.

நான் எழுந்தேன். எழுந்தேன் என்பதே யாருக்கும் தெரியவில்லை, உட்கார்ந்திருந்தபோதும் அதே உயரம்தான். ஆனால் எழுந்த வேகத்தில் மேசையில் இடித்துக்கொண்டேன். பெரியப்பா வெடித்தார். ஒரு காய் இல்லை, மொத்தக் குடும்பமும். டப்டப்பென்று விதைகள் மைக்கில், மாலையில், அமைச்சரின் கண்ணாடியில் பட்டுத் தெறித்தன. எல்லோரும் திரும்பினார்கள். அதற்குப் பிறகு பேசாமல் இருக்க முடியாது.

"அப்பா மேல தப்பில்லை" என்றேன். "தொட்டுக்கிட்டே இருந்ததாலதான் குட்டையா இருந்துச்சு. தினமும் ஏழு பேர் உருவுவாங்க. பெட்டியில வெச்சுப் பூட்டுனதும் யாரும் தொடல, அதான் வளர்ந்துடுச்சு. அந்தக் குட்டையில ஏழு பேரு விரலைத் தவிர வேற ஒண்ணும் இல்லை."

சொல்லி முடித்ததும்தான் அப்பா ஏன் என்னைச் சொல்லாதே என்றார் என்பது ஞாபகம் வந்தது. ஏழு வீடு. அந்த ஏழு வீட்டு ஆட்களும் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

அமைச்சர் கண்ணாடியைக் கழற்றி, ஒட்டியிருந்த விதையைத் தட்டிவிட்டார். "ஒரு செடிக்கு ஏழு பேரா?"

"ஆமாங்க" என்றார் இயக்குநர், செத்த குரலில்.

"தினமுமா?"

"ஞாயிற்றுக்கிழமையும்ங்க."

"அப்போ ஒரு வயலுக்கு எத்தனை பேர் வேணும்?"

துணை இயக்குநர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அமைச்சரின் முகம் மெதுவாக மலர்ந்தது.

"எங்கிட்ட வர்ற விஞ்ஞானிங்க எல்லாரும் பத்து பேர் வேலையை ஒரு ஆள் செய்யற மாதிரி எதையாவது கண்டுபிடிச்சு எடுத்துக்கிட்டு வர்றாங்க. மீதி ஒம்பது பேர் என் வீட்டு வாசல்லதான் வந்து நிக்கறாங்க. ஒண்ணுமே இல்லாத வேலைக்கு ஏழு பேர் தேவைப்படற கண்டுபிடிப்பை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்."

இயக்குநர் நிமிர்ந்தார். அவர் நிமிர்ந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கழுத்துவரை புதைத்த மண்ணிலிருந்து யாரோ உருவி எடுத்த மாதிரி இருந்தது.

"இதைத்தாங்க என் விதியில சொல்லியிருக்கேன்" என்றார். "நிறுவனத்தோட நோக்கத்துக்கு ஏற்ப. நோக்கம்னா என்ன? விரல்தானே. இந்தச் சின்னப் பொண்ணுக்கே புரியற அளவுக்கு எளிமையான விதி."

கைதட்டல் அடங்க நேரம் ஆனது. அது அடங்குவதற்குள் தடவல் துறை என்று ஒன்று பிறந்துவிட்டது. ஊர் ஊராகப் போய் எல்லா வயலிலும் எல்லாச் செடியையும் உருவிவிட ஆட்கள். நிலையத்தின் ஏழு அளவர்களும் தடவல் அலுவலர்கள், நிரந்தரம். கட்டடத்துக்கு லிஃப்ட். தொடப்படாத மசூர்ச் செடி எங்கே நின்றாலும் அதை உடனே துறையின் பார்வைக்குக் கொண்டுவர வேண்டும், தவறினால் வேலையும் வீடும் ரத்து என்று அங்கேயே ஓர் உத்தரவு. அப்பா சாவியைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தார்.

கூட்டம் கலைந்தபோது மெஷின் அக்கா என்னிடம் வந்தார். அந்த நெட்டைச் செடியின் வேரை ஈரத்துணியில் சுற்றி முந்தானைக்குள் வைத்திருந்தார்.

"யாரும் கேக்கல, நானும் குடுக்கல" என்றார். "இந்த உசரம் இருந்தாத்தான் எங்க மெஷின் கத்திக்கு எட்டும். இது பொழைக்குமா பாப்பா?"

"பிடுங்கினது, சொல்ல முடியாதுக்கா." சுற்றிலும் பார்த்துக்கொண்டேன். "எங்க வீட்டுல இன்னொண்ணு இருக்கு. விதை பிடிச்சதும் தர்றேன்."

"யாருக்கும் தெரியாம?"

"அப்பாவுக்குக்கூட."

அப்படித்தான் இப்போது நிலைமை. எங்கள் குழாய்க்குப் பின்னால் சட்டவிரோதமாக ஒரு செடி காய் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் காட்டிக்கொடுக்க வேண்டியவர் தடவல் அலுவலர், அவர் பக்கத்து அறையில் குறட்டை விடுகிறார். இன்று மாலை அவர் கை கழுவப் போய் அதற்கு எதிரே நெடுநேரம் நின்றார். திரும்பி வந்து அம்மாவிடம், "பின்னால களை மண்டிக்கிடக்கு, இப்போதைக்கு யாரும் அங்க போக வேண்டாம்" என்றார். அம்மா சரி என்றாள். அட்டைப் பெட்டிகளை மறுபடி அலமாரிக்கு மேலே ஏற்றினாள்.

அதற்குப் பிறகு எப்போதும் போல ஸ்கேலை எடுத்தார். நானும் போய் நிலையில் சாய்ந்து நின்றேன். இரண்டு விரலைத் தாடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கற வரைக்கும் உன்னை அளக்கப் போறதில்லை" என்றார். ஸ்கேலைப் பரணில் போட்டார். சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

வீடு போய்விடுமோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. ஆனால் தூக்கம் வராதது அதனால் இல்லை. இத்தனை நாள் நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்பதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. இன்றைக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, அதுவும் அப்பா கையாலேயே கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு அவர் பரணிலிருந்து ஸ்கேலை எடுப்பார். அன்றைக்கும் அதே உயரம்தான் என்றால்?

குறட்டை நின்றுவிட்டது. போதும், போங்கள். போகும்போது பின்பக்கமாகப் போகாதீர்கள், குழாயடியில் இடம் குறுகல், தெரியாமல் உரசிவிடுவீர்கள்.